டோலக்பூரின் மாவீரர் யார்?

கர்நாடக எல்லையோரம் உள்ள ஆனேக்கல் பேட்டையின் குறுக்குத் தெருக்களில் பிள்ளைகள் ‘சோட்டா பீம்’ கார்ட்டூனை நடித்து விளையாடும்போது வேடங்கள் பிரிவதில் பெரிய சண்டை வருவதில்லை. உடம்பில் பெரியவன் பீம். கூட்டத்தில் பெண்பிள்ளை இருந்தால் அவள் சுட்கி. அண்ணனை விடாமல் ஒட்டிக்கொண்டு வந்த பொடியன் ராஜு. மதில் ஏறத் தெரிந்தவன் ஜக்கு குரங்கு. காலியாவாக இருக்க யாரும் முன்வருவதில்லை. அன்று யார்மேல் கோபமோ அவன் தலையில் அந்த வேடம் விழும். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், தெருவில் தெலுங்கும் உருதும் என்று வளரும் இந்த எல்லைப்புறப் பிள்ளைகள் எந்த மொழியில் விளையாடினாலும் இந்தப் பங்கீடு மாறுவதில்லை.

இந்தப் பங்கீட்டுக்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது. யாருக்கு வலு அதிகமோ அவரே வீரர் என்பதுதான் அந்தத் தீர்ப்பு. அதை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவில்லை. தொடரே சொல்லித் தந்துவிட்டது. அது சரியான தீர்ப்பா என்று கேட்பது சிறுபிள்ளைத்தனம் ஆகாது. ஒரு சமூகம் எதை வீரம் என்று மதிக்கிறது என்பதை அதன் பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்ளும் இடங்களில் ஒன்று இன்று கார்ட்டூன். அந்த இடத்தைப் பெரியவர்கள் ஆராயாமல் விட்டிருக்கிறோம்.

ஹைதராபாத்தில் ராஜீவ் சிலகா 2001இல் தொடங்கிய கிரீன் கோல்ட் அனிமேஷன் நிறுவனத்தின் படைப்பு சோட்டா பீம். 2008இல் போகோ தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகத் தொடங்கி, தமிழ் உட்படப் பல மொழிக் குரல்களில் வீடுகளுக்குள் வந்தது. 2012இல் ‘சோட்டா பீம் அண்ட் தி கர்ஸ் ஆஃப் தம்யான்’ திரையரங்குகளுக்குப் போனது. 2019இல் பீமைத் தவழும் குழந்தையாகக் காட்டும் ‘மைட்டி லிட்டில் பீம்’, ஏறக்குறைய வசனமே இல்லாமல், நெட்ஃபிளிக்ஸ் வழியே உலகெங்கும் போய்ச் சேர்ந்தது. தம்யான் கதையையே மனித நடிகர்களை வைத்து 2024இல் மறுபடி எடுத்தார்கள். இந்தியாவில் உருவான கார்ட்டூன் பாத்திரங்களில் இத்தனை நீண்ட ஆயுளும் பரந்த புழக்கமும் பெற்றவை மிகச் சில. வீரத்தைப் பற்றிய விசாரணைக்கு அதனால்தான் இந்தத் தொடரை எடுத்துக்கொள்கிறேன்.

கதை எளிது. டோலக்பூர் என்ற ஊர். இந்திரவர்மா ராஜா, அவர் மகள் இந்துமதி. பீமுக்கு ஒன்பது வயது, சுட்கிக்கு ஏழு, ராஜுவுக்கு நான்கு. பேசும் குரங்கு ஜக்கு. வம்புக்கார காலியாவும் அவனுக்குப் பின்பாட்டுப் பாடும் இரட்டையர் டோலுவும் போலுவும். சுட்கியின் அம்மா டுன்டுன் லட்டுக் கடை நடத்துகிறாள். ஊருக்குக் கொள்ளைக்காரனோ அரக்கனோ மந்திரவாதியோ வருவான். காலியா வீரம் பேசி முதல் ஆளாக மாட்டிக்கொள்வான். பீம் மோதுவான், சற்றுத் தளர்வான், லட்டு கைக்கு வரும், தின்பான், புஜம் புடைக்கும், எதிரி பறப்பான். ராஜா பாராட்டுவார். எல்லாரும் சிரிப்பார்கள்.

இதில் மாவீரர் யார்?

தொல்காப்பியம் தரும் முதல் அளவுகோல்

தமிழில் இதற்கு ஆயத்தமான அளவுகோல் ஒன்று இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. முதலில் வருவது நகை. வீரத்துக்கு உரியது பெருமிதம். இரண்டும் எங்கிருந்து பிறக்கின்றன என்பதையும் நூல் வகுத்துத் தருகிறது. பிறரை எள்ளுவது, இளமை, அறியாமை, ஒன்றைக் கொண்டதே கொண்டு விடாதிருக்கும் மடமை என்ற நான்கிலிருந்து நகை பிறக்கும். கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்ற நான்கிலிருந்து பெருமிதம் பிறக்கும்.

பெருமிதத்தின் பட்டியலில் உடல்வலிமைக்குத் தனி இடம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். போர்க்களத்தை இத்தனை விரிவாகப் பாடிய மரபு, நெஞ்சு நிமிர்வதற்கான காரணங்களை எண்ணும்போது தோளை எண்ணவில்லை. கற்றவனும் நிமிரலாம், கொடுத்தவனும் நிமிரலாம்.

இந்த நான்கையும் வைத்து டோலக்பூரை அளந்தால் பீம் தோற்க மாட்டான். எதிரியின் பலவீனத்தைக் கண்டுபிடிக்கும் சூட்சுமம் அவனுக்கு உண்டு. அஞ்சாமை உண்டு. ஊர் முழுக்கப் புகழ் உண்டு. தன் உழைப்பைக் கேட்டவர்க்கெல்லாம் கொடுக்கிறான். நான்கிலும் தேர்ச்சி. பிள்ளைகளின் தீர்ப்பே சரி என்று இங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்த அளவுகோல் ஒன்றைக் கேட்காமல் விடுகிறது. அந்தச் செயலைச் செய்ய அவன் எதைப் பணயம் வைத்தான்? அதைக் கேட்கக் கற்றுத் தருபவை இந்த மண்ணின் கற்கள்.

கற்கள் தரும் இரண்டாவது அளவுகோல்

ஓசூரிலிருந்து பெங்களூரு வரை விரியும் இந்த மேட்டுநிலம் நடுகற்களின் நிலம். பெங்களூரு மாவட்டக் கல்வெட்டுகளைத் தொகுத்து பி. எல். ரைஸ் 1905இல் வெளியிட்ட எபிகிராஃபியா கர்நாடிகா ஒன்பதாம் தொகுதியில் ஆனேக்கல் வட்டத்துத் தமிழ்க் கல்வெட்டுகளும் இடம்பெற்றிருக்கின்றன. ஆனேக்கலுக்கு வடக்கே பேகூர் நாகேசுவரர் கோயிலில், கி.பி. 9ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு கல் இருக்கிறது. நாகத்தரன் என்ற தலைவனின் வீட்டைச் சேர்ந்த புட்டணச் செட்டி ‘பெங்களூரு’ச் சண்டையில் மடிந்தான் என்கிறது அது. பெங்களூரு என்ற பெயர் கிடைக்கும் மிகப் பழைய சான்று இதுவே என்கிறார்கள். இந்தப் பெருநகரின் பெயர் நமக்கு முதலில் கிடைப்பது மன்னனின் வெற்றிப் பட்டயத்தில் அல்ல, சண்டையில் இறந்த ஒருவனின் நினைவுக் கல்லில்.

நடுகல்லின் தர்க்கம் இதுதான். ஊர் மாடுகளைக் கவர வந்தவர்களை மறித்து மாண்டவனுக்குக் கல் எடுத்தார்கள். மாட்டை மீட்டானா இல்லையா என்பது இரண்டாம் கேள்வி. எதை இழந்தான் என்பதே முதல் கேள்வி. வென்று வீடு திரும்பியவனுக்கு விருந்தும் நிலமும் கிடைத்திருக்கலாம். கல் கிடைத்தது பெரும்பாலும் திரும்பாதவனுக்கு.

இந்தக் கேள்வி ஆளின் தகுதியையும் பார்க்கவில்லை. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில், கள்ளரை எதிர்த்து நின்ற கோவிவன் என்ற நாயும் இருக்கிறது. பெங்களூரு கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்தில் மண்டியா மாவட்டத்து ஆதகூர்க் கல்லைப் பார்க்கலாம். சோழ இளவரசன் இராசாதித்தன் மடிந்த 949ஆம் ஆண்டுத் தக்கோலப் போரைப் பேசும் அதே கல், காளி என்ற வேட்டை நாயையும் பேசுகிறது. கங்க மன்னன் பூதுகனின் வீரன் மணலேரன் அந்த நாயை மன்னனிடம் கேட்டு வாங்கி வளர்த்தான். காட்டுப்பன்றி ஒன்றோடு மோதியபோது பன்றியும் நாயும் சேர்ந்தே செத்தன. கல்லின் மேற்பகுதியில் இரண்டும் ஒன்றையொன்று கவ்வி நிற்கின்றன. இந்தக் கல்லுக்குப் பூசை செய்யாமல் உண்ணக் கூடாது என்று அங்குள்ள பூசாரிக்கு ஆணையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். போரில் வென்ற மன்னரின் பெருமைக்குப் பக்கத்திலேயே ஒரு நாயின் சாவுக்கு இடம் கொடுத்த மனம் அது.

ஆக இரண்டாவது அளவுகோல்: இழக்க ஏதேனும் உள்ளவரே வீரராக முடியும். தோற்கவே முடியாதவர் செய்வது நல்ல காரியமாக இருக்கலாம். பெரிய காரியமாகவும் இருக்கலாம். அதை வீரம் என்று சொல்வதற்கு முன் சற்று நிற்க வேண்டும்.

வண்டிச் சோறு தின்ற பீமன்

டோலக்பூர் பீமின் மூதாதை மகாபாரதப் பீமன். பெயர், வலு, பசி மூன்றும் அங்கிருந்து வந்தவை. தின்று வலுப்பெறும் சிரிப்பு நாயகன் உலகக் கார்ட்டூனுக்குப் புதியவன் அல்ல. 1929இல் பிறந்த பாப்பாய் கீரை தின்பான். 1959இல் பிறந்த ஆஸ்டெரிக்ஸ் மருந்துக் கஷாயம் குடிப்பான். நம் நாட்டில் லோட்போட் பத்திரிகையிலிருந்து 2012இல் நிக்கலோடியனுக்கு வந்த மோட்டுவுக்குச் சமோசா. ஆனால் உணவும் சிரிப்பும் சண்டையும் ஒன்றாகச் சேர்ந்த காட்சி நம்மிடம் வெகு காலமாக இருக்கிறது. பகாசுரன் கதைதான் அது.

ஏகசக்கர நகரத்தில் பாண்டவர்கள் ஒரு அந்தணர் வீட்டில் மறைந்து வாழ்கிறார்கள். வில்லிபுத்தூரார் அந்த ஊரை வேத்திரகீயம் என்பார். பகாசுரனுக்கு முறை வைத்து ஒரு வண்டிச் சோறும் இரண்டு எருமைகளும் ஓட்டிச் செல்லும் ஆளும் இரையாக வேண்டும். அந்த வீட்டின் முறை வந்தபோது குந்தி பீமனை அனுப்புகிறாள். வியாச பாரதத்தில் அடுத்து வருவது முழுக்க முழுக்க நகைச்சுவை. அரக்கனைக் கூப்பிட்டுவிட்டு, அவன் சோற்றைப் பீமன் உட்கார்ந்து தின்னத் தொடங்குகிறான். அரக்கன் ஓடி வந்து முதுகில் இரண்டு கையாலும் அறைகிறான். பீமன் திரும்பிப் பார்க்கவில்லை, தின்றுகொண்டே இருக்கிறான். அரக்கன் மரத்தைப் பிடுங்கி வருகிறான். பீமன் கடைசிக் கவளம் வரை முடித்து, கை கழுவி, அப்புறம்தான் எழுகிறான்.

வட தமிழகத்துத் திரௌபதி அம்மன் விழாக்களில் பல ஊர்களில் இது இன்றும் நடக்கிறது. பீமன் வேடமிட்டவர் சோற்று வண்டியில் ஊர் சுற்றி வருவார். வழியெல்லாம் தின்பார், வாரி இறைப்பார். பிள்ளைகள் வண்டிக்குப் பின்னால் ஓடுவார்கள். இரவில் கூத்து மேடையில் கட்டியக்காரன் அதே பீமனைக் கிண்டல் செய்வான். வீரனையும் கோமாளியையும் ஒரே மேடையில் நிறுத்தி ஒருவரை வைத்து மற்றவரைப் பார்க்கும் கலை இங்கே மூத்தது. சோட்டா பீம் தொடரைத் தயாரித்தவர்கள் அறிந்தோ அறியாமலோ அந்த வண்டியில்தான் ஏறியிருக்கிறார்கள்.

இப்போது இரண்டாவது அளவுகோலை வைத்துப் பார்ப்போம். பகாசுரனிடம் போகும் பீமனுக்கு என்ன ஆபத்து? ஒன்றுமில்லை. குந்திக்கே அது தெரியும். தம்பியை ஏன் அனுப்பினாய் என்று தருமன் கோபித்துக்கொள்ளும்போது அவள் ஒரு பழைய சம்பவத்தைச் சொல்கிறாள். பீமன் கைக்குழந்தையாக இருந்தபோது மடியிலிருந்து மலைப்பாறையில் விழுந்தான், நொறுங்கியது பாறைதான். ‘மைட்டி லிட்டில் பீம்’ தொடரின் குழந்தை தன் வலு தெரியாமல் வீட்டையும் தெருவையும் கலைத்துப் போடும்போது, குந்தி சொன்ன அந்தக் குழந்தையே நம் கண்ணில் படுகிறது.

டோலக்பூர் பீமும் இப்படித்தான். லட்டு வரும் வரை அவன் தளர்வதெல்லாம் லட்டின் வருகையைப் பெரிதாக்கவே. எந்த வாரமும் அவன் தோற்று ஊர் பார்த்ததில்லை. அவனுடைய நல்ல மனத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவன் உதவாமல் போகும் ஆளே இல்லை. ஆனால் பாறையை நொறுக்கும் குழந்தைக்கு நடுகல் எடுக்க யாருக்கும் தோன்றாது.

புல்லைக் கையில் எடுத்த பிள்ளை

அதே பகாசுரன் கதையில், பீமன் புறப்படும் முன், பலரும் தாண்டிப் போய்விடும் ஒரு காட்சி இருக்கிறது. முறை வந்த வீட்டில் அழுகை. நான் போகிறேன் என்கிறார் தகப்பன். நான் இறந்தால் பிள்ளைகளை நீங்கள் காப்பீர்கள், நான் போகிறேன் என்கிறாள் தாய். என்றோ பிறர் வீட்டுக்குப் போக வேண்டியவள்தானே, நானே போகிறேன் என்கிறாள் மகள். மூவரும் அழும்போது, பேச்சு இன்னும் திருந்தாத சின்ன மகன் ஒவ்வொருவரிடமும் ஓடி, அழாதே, அழாதே என்கிறான். கீழே கிடந்த ஒரு புல்லை எடுத்துக்கொண்டு, மனிதரைத் தின்னும் அந்த அரக்கனை இதாலேயே கொன்றுவிடுகிறேன் என்கிறான். சாவு வாசலில் நிற்கும் அந்த வீட்டில் எல்லார் முகத்திலும் மகிழ்ச்சி எட்டிப் பார்க்கிறது.

தொல்காப்பியத்தின் இரண்டு பட்டியல்களும் இந்தப் பிள்ளையின் கையில் ஒன்றாகின்றன. இளமையும் அறியாமையும் நகைக்குக் காரணங்கள். அஞ்சாமை பெருமிதத்துக்குக் காரணம். ஒரே செயல், ஒரே புல், இரண்டு மெய்ப்பாடு.

டோலக்பூரில் இந்தப் பிள்ளை ராஜு. நான்கு வயது. கையில் வில். தன்னைவிடப் பத்து மடங்கு பெரிய எதிரியை நோக்கிப் பீமுக்கு முன்னால் ஓடப் பார்ப்பவன். அவனுக்கு லட்டு தின்றால் புஜம் புடைக்காது. அவன் தோற்கலாம், அடிபடலாம், பிடிபடலாம். ஆகவே இழக்க ஏதேனும் உள்ளவரே வீரர் என்ற அளவுகோலுக்கு ராஜு நேராகப் பொருந்துகிறான். ‘மைட்டி ராஜு’ என்று அவனுக்குத் தனித் தொடரே வந்தது. பார்வையாளர்களுக்கும் அவன்மேல் இருந்த ஈர்ப்புக்கு அதுவே சாட்சி.

மாவீரப் பட்டத்தை ராஜுவுக்கே கொடுத்துவிடலாம், திருக்குறள் குறுக்கே வராமல் இருந்தால். அறிவுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் அச்சத்துக்கு ஓர் இடம் தருகிறார். பயப்பட வேண்டிய இடத்தில் பயமில்லாமல் இருப்பது அவர் பார்வையில் அறிவின் குறையே; பயம் தெரிந்து நடப்பவரே அறிவுடையவர். புல்லைத் தூக்கிய பிள்ளைக்கு அரக்கன் யார் என்பதே தெரியாது. ராஜுவுக்கும் பாதி தெரியாது. மீதியைப் பீம் பார்த்துக்கொள்வான் என்ற நம்பிக்கை நிரப்பிவிடுகிறது. அவனைப் பார்த்து நமக்குப் பெருமையும் சிரிப்பும் சேர்ந்து வருவது அதனால்தான். அவனிடம் இருப்பது வீரத்தின் முளை. ஆபத்தை அளந்து பார்த்து, கை நடுங்க, பிறகும் போகிற ஒருவரைத் தேட வேண்டியிருக்கிறது.

இது மூன்றாவது அளவுகோல்: அச்சம் அறிந்த அஞ்சாமை.

அச்சம் அறிந்தவர்கள்

அச்சம் அறிந்தவர் என்றால் முதலில் நினைவுக்கு வருபவன் காலியா. பத்து வயது, பெரிய உடம்பு, பெரிய வாய், எதிரியைக் கண்டதும் நடுக்கம். அவன் பயத்தைக் காட்டித்தான் தொடர் பாதிச் சிரிப்பைச் சம்பாதிக்கிறது. அவன் முழுக்கக் கோழையும் அல்ல. திரைப்படங்களில் மற்றவர்களோடு அவனும் ஆபத்தான பயணத்துக்குப் புறப்பட்டுப் போகிறான். தம்யான் கதையில் சோனாபூர் வரை போனவர்களில் அவனும் உண்டு. பயந்துகொண்டே போவது சின்ன விஷயம் அல்ல. ஆனால் அவன் போவது பெரும்பாலும் பீமுக்குக் கிடைக்கும் பேர் தனக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்காக. புகழும் பெருமிதத்தின் ஒரு காரணமே என்றாலும், புகழ் மட்டுமே துணையாக நின்றால் அது வீண்பெருமையில் போய் முடியும்.

காலியாவைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அவன் பெயர் கறுப்பைக் குறிக்கிறது. நிறத்தையும் மற்றவர்களைவிடக் கறுப்பாகவே தீட்டியிருக்கிறார்கள். வம்புக்காரனுக்கு இந்த நிறத்தைத் தேர்ந்தது தவறு. பெரும்பாலான பிள்ளைகள் மாநிறமும் கறுப்புமாக இருக்கும் நம் ஊர்களில் இது விளையாட்டு விஷயம் அல்ல. காலியா வேடத்துக்கு யாரும் முன்வராததில் அவன் குணத்துக்குப் பங்கு எவ்வளவு, நிறத்துக்குப் பங்கு எவ்வளவு என்று பெற்றோரும் ஆசிரியர்களும் யோசிக்க வேண்டும்.

ஜக்கு ஆதகூர் நாயின் வழிவந்தவன். பீம் போகும் இடமெல்லாம் போவான், கேட்டதைக் கொண்டுவருவான், அடியும் வாங்குவான். அந்த விசுவாசத்துக்குக் கல் எடுத்தாலும் தகும். ஆனால் காளியைப் பன்றிமேல் ஏவியது மணலேரன்; ஜக்குவை இழுத்துச் செல்வது பீம்மேல் உள்ள பாசம். தானாகக் கணக்குப் பார்த்து எடுத்த முடிவு என்று அதைச் சொல்வது கடினம்.

மிஞ்சுபவள் சுட்கி.

லட்டைக் கொடுத்தவள்

பாப்பாயின் கீரை டப்பா அவன் சட்டைக்குள்ளேயே இருக்கும். ஆஸ்டெரிக்ஸுக்குக் கஷாயம் காய்ச்சித் தருபவர் ஊரே வணங்கும் பெரியவர். பீமுக்கு வலுவைத் தருவது கடைக்காரியின் ஏழு வயது மகள். இந்த வேறுபாட்டைத் தொடர் ஒருபோதும் நின்று பார்ப்பதில்லை. கதையின் முழு வலுவும் அவள் கை வழியாகத்தான் போகிறது.

நான்கு காரணங்களால் அவளை முன்வைக்கிறேன். முதலாவது, அவளுக்கு மந்திர வலு எதுவும் கிடையாது. லட்டு அவளிடமே இருக்கிறது. தின்றாலும் அவள் அரக்கனைத் தூக்கி எறியப்போவதில்லை. இரண்டாவது, அவள் ராஜு அல்ல; நிலைமை தெரிந்தவள், நிதானமானவள், எச்சரிக்கை செய்பவள். ஆபத்து எத்தகையது என்று தெரிந்துதான் கூட வருகிறாள். மூன்றாவது, அவள் கொடுப்பது உபரியை அல்ல. கடைக்காரியின் மகளுக்கு லட்டு என்பது சரக்கு, அம்மாவின் உழைப்பு, அன்றைய வரும்படி. தொடக்க காலப் பகுதிகளில் பீம் கேட்காமல் லட்டை எடுத்துத் தின்று டுன்டுன் துரத்துவது வாடிக்கையான சிரிப்பு. அந்தச் சிரிப்பே லட்டுக்கு விலை உண்டு என்பதை நமக்கு நினைவூட்டுகிறது. நான்காவது, சாகசம் முடிந்து எல்லாரும் விளையாடப் போகும்போது அவள் கடைக்குத் திரும்புகிறாள். ராஜா அழைத்துப் பாராட்டுவது பெரும்பாலும் பீமை. தனக்கு வந்து சேராத புகழுக்காக அவள் திரும்பத் திரும்பப் போகிறாள்.

கல்வி, அஞ்சாமை, கொடை என்ற மூன்றும் அவளிடம் உண்டு. அவளுக்குக் கிடைக்காதது புகழ் ஒன்றுதான். அது அவள் குறை அல்ல, நம் குறை.

2020 ஜூனில் சுட்கிக்கு நியாயம் வேண்டும் என்ற முழக்கம் சமூக ஊடகங்களில் திடீரெனப் பரவியது. பீம் அவளை விட்டுவிட்டு இந்துமதியை மணந்துகொண்டான் என்ற வதந்திதான் காரணம். பாத்திரங்கள் எல்லாரும் இன்னும் குழந்தைகள்தான், யாருக்கும் திருமணம் ஆகவில்லை என்று கிரீன் கோல்ட் நிறுவனம் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. அவளோடு சேர்ந்து வளர்ந்த ஒரு தலைமுறை அவளுக்காகக் குரல் எழுப்பியதில் பாசம் இருந்தது. ஆனால் இத்தனை லட்டுக் கொடுத்தாளே, அவளுக்கு மாலை கிடைக்கவில்லையே என்பதுதான் அந்தக் குறை. அவள் வீரத்துக்குப் பாராட்டு எங்கே என்று அந்த முழக்கம் கேட்கவில்லை. ஒரு பெண்ணின் துணிச்சலுக்குப் பரிசு கல்யாணம்தான் என்ற எண்ணம் எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்பதை அது காட்டியது. நடுகற்களிலும் இதே வடு உண்டு. பெண்ணுக்கு எடுத்த கற்களில் பெரும்பாலானவை கணவனோடு தீப்பாய்ந்தவளுக்கு எடுத்தவை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். சோறு போடுவதை வீரம் என்று சொல்லிப் பெண்ணை மறுபடி அடுக்களைக்கே அனுப்புகிறீர்களா? சுட்கி நடத்தப்படும் விதத்தில் இந்தக் குறை இருக்கிறது என்பதை ஏற்கிறேன். லட்டைத் தாண்டி அவளுக்குக் கதை கொடுக்கத் தயாரிப்பாளர்கள் தயங்கியிருக்கிறார்கள். ஆனால் உணவு கொடுப்பதை அடுக்களைக்குள் மட்டும் வைத்துப் பார்த்தது பிற்காலப் பழக்கம். நம் ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று உணவுப் பாத்திரத்தையே நாயகியின் கையில் கொடுக்கிறது. மணிபல்லவத்தில் மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்தது. அதோடு அவள் பசித்தவர் கிடந்த இடங்களுக்குப் போனாள். இளவரசனின் ஆசைக்குப் பணிய மறுத்தாள். சிறைச்சாலையை மன்னனைக் கொண்டே அறச்சாலையாக்கினாள். காப்பியத்தை இயற்றிய சாத்தனார் அவள் கையில் வாள் எதுவும் கொடுக்கவில்லை. ஆனாலும் காப்பியத்தில் அவளுக்கு நிகரான துணிவு கொண்டவர் வேறு யார்?

ஆனேக்கலில் இருந்து பார்க்கும்போது இது இன்னும் தெளிவாகிறது. பெங்களூரு திகளர்பேட்டையைப் போலவே ஆனேக்கலிலும் தருமராயர் கோயில் கரகம் நடக்கிறது. கோயில் தருமராயர் பெயரில்; விழா திரௌபதியின் பெயரில். பாண்டவர்கள் மேலுலகம் நோக்கி நடந்தபோது பின்தங்கிய திரௌபதியை திமிராசுரன் வழிமறித்தான் என்றும், அவள் வீரகுமாரர்களைப் படைத்து அவனை அழித்தாள் என்றும் கரகத்தின் கதை சொல்கிறது. கணவர்கள் ஐவரும் முன்னால் போய்விட்டார்கள், பீமனும் போய்விட்டான். எதிரியைச் சந்தித்தவள் அவள். பூக்கரகம் சுமப்பவர் பெண் கோலம் பூண்டே வர வேண்டும். உருவிய வாளோடு வீரகுமாரர்கள் பக்கத்தில் நடக்க வேண்டும். தமிழ் வேர் கொண்டவர்கள் எனக் கருதப்படும் திகளர் சமூகம் இந்த மரபைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகிறது. மகாபாரதத்தின் மாவீரர் யார் என்ற கேள்விக்கு இந்த மண் பீமன் என்று பதில் சொல்லவில்லை.

தீர்ப்பும் அதன் பயனும்

டோலக்பூரின் பலசாலி பீம். அதன் குதூகலம் ராஜு. அதன் விசுவாசம் ஜக்கு. அதன் மாவீரர் சுட்கி. வலு இல்லாதவள், ஆபத்தை அறிந்தவள், தன்னிடம் இருப்பதைக் கொடுத்துவிட்டுப் பேர் கிடைக்காமல் திரும்புகிறவள்.

இந்தத் தீர்ப்பால் என்ன பயன்? சிரிப்புக் கதைக்குள் வீரத்தைத் தேடும்போது, சிரிப்பு யாரைச் சுற்றி எழுகிறது என்பதைவிட, கதை எந்தப் புள்ளியில் நின்றுவிடும் என்பதைப் பார்க்க வேண்டும். பீம் ஒரு வாரம் வராவிட்டால் சண்டை தாமதமாகும். சுட்கி வராவிட்டால் பீமே வெறும் பசித்த பையன். இந்தக் கேள்வியை எந்தக் கார்ட்டூனுக்கும் போடலாம். நண்பன் பாட்லுவின் யோசனையும் டீக்கடைக்காரரின் சமோசாவும் இல்லாமல் மோட்டு என்ன செய்வான்?

பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கும் பெற்றோருக்கு ஒரு வேலை இருக்கிறது. யார் ஜெயித்தார் என்பதோடு நிறுத்தாமல், யாருக்குப் பயமாக இருந்தது, பயந்தும் யார் போனார், யார் எதைக் கொடுத்தார் என்று கேட்கலாம். நான்கு வயதுப் பிள்ளைக்கும் இதற்குப் பதில் தெரியும். தொடரை உருவாக்குபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சுட்கிக்கு மணமாலையும் வேண்டாம், பீமின் புஜமும் வேண்டாம். அவள் ஆபத்தை எடைபோட்டுப் பார்க்கும் அந்த ஒரு கணத்தைத் திரையில் காட்டுங்கள். கதையின் முடிவில் ராஜா அவள் பெயரையும் சொல்லட்டும். வீரம் பலசாலிகளின் தனிச் சொத்தாக இருக்கும் வரை, பலம் குறைந்த பிள்ளைகள் தங்களை வேடிக்கை பார்ப்பவர்களாகவே நினைத்துக்கொள்வார்கள். அவர்களே பெரும்பான்மை. அவர்களுக்கும் வீரம் உண்டு என்று சொல்லக்கூடிய பாத்திரம் 2008 முதல் கண்ணெதிரே லட்டுத் தட்டோடு நிற்கிறது. அவளை மாவீரர் என்று அழைக்கும் பொறுப்பு நம்முடையது.